ஓட முடியாதவன் வாங்கிய எம்.எஸ்சி.

1. சிவப்புப் பட்டன்

தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினான்கு வருஷம் டி.எம்.டி. டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். டி.எம்.டி. என்பது டிரெட்மில் டெஸ்ட். நெஞ்சு வலி என்று வருகிறவரின் மார்பில் பத்து எலக்ட்ரோடு ஒட்டி, ஓடும் பெல்ட்டில் நடக்கவிட்டு, இதயம் எப்படி நடந்துகொள்கிறது என்று ஈ.சி.ஜி.யில் பார்ப்பது. மூன்று நிமிஷத்துக்கு ஒரு ஸ்டேஜ். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் வேகமும் ஏற்றமும் கூடும். பி.பி. பார்ப்பது டெக்னீஷியன் வேலை. டாக்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பது விதி. நிற்பதில்லை என்பது வழக்கம்.

எனக்கு இடது காலில் போலியோ. காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர் போட்டு, தொடையைக் கையால் ஊன்றி நடப்பேன். எத்தனையோ ஆயிரம் பேரை அந்த பெல்ட்டில் ஓடவிட்டிருக்கிறேன். நான் ஒரு நாளும் அதில் ஏறியதில்லை.

அன்றைக்கு வந்தவர் கடையத்துக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், ஐம்பது வயதிருக்கும். இரண்டாவது ஸ்டேஜ் வரை பி.பி. ஒழுங்காக ஏறியது. மூன்றாவதில் கையில் பி.பி. கஃப் கட்டிப் பார்த்தால் இறங்கியிருந்தது. மறுபடியும் பார்த்தேன். இன்னும் இறங்கியிருந்தது. முகம் வெளிறி, மேலுதட்டில் வியர்வை.

“சார், நெஞ்சு வலிக்குதா?”

“ஒண்ணுமில்ல தம்பி. நல்லாத்தான் இருக்கேன்.”

பக்கத்து அறையில் போனில் இருந்த டாக்டரைக் கூப்பிட்டேன். “சார், பி.பி. எறங்குது.”

“டார்கெட் வந்துட்டா?” துடிப்பு எட்ட வேண்டிய அளவைக் கேட்டார்.

“வரலை சார்.”

“கஃப் லூஸா இருக்கும். இன்னும் ஒரு ஸ்டேஜ் போ.”

நான் போகவில்லை. சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டேன். பெல்ட் நின்றது, வாத்தியார் என் தோளைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார், உட்கார்ந்த பிறகுதான் வலி வந்தது. அன்றைக்கே திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். இதயத்தின் பிரதான குழாயிலேயே அடைப்பு. பைபாஸ் செய்து பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. டாக்டரின் உத்தரவு இல்லாமல் டெஸ்டை நிறுத்தியது ஏன் என்று கேட்டிருந்தார்கள். “பி.பி. இறங்கியது, நிறுத்தினேன். இனியும் இறங்கினால் இனியும் நிறுத்துவேன்” என்று பதில் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“வே இசக்கி, கடைசில மன்னிப்புனு ஒரு வார்த்தை போடும்வே. இத்தோட முடிஞ்சு போவும்.”

“அவரு செத்திருந்தா யாரு சார் மன்னிப்பு எழுதணும்?”

மேனேஜர் என் பதிலை அப்படியே ஃபைலில் கோத்துவிட்டார். எனக்கு மெமோவைவிட வேறொன்றுதான் குடைந்துகொண்டிருந்தது. சாயங்காலம் டாக்டர் கிளம்பும்போது கேட்டேன். “சார், ஓடும்போது பி.பி. ஏறத்தான செய்யணும்? அவருக்கு ஏன் எறங்குச்சு?”

டாக்டர் என் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அதெல்லாம் உனக்கு எதுக்கு? நீ பட்டன் அமுக்குத ஆளு. பட்டனோட நின்னுக்கோ.”

பட்டனை அமுக்கியதற்குத்தான் மெமோவே கொடுத்திருந்தார்கள்.

2. படிப்பதற்குத் தகுதியானவர்

நான் பி.எஸ்சி. விலங்கியல். அதற்கு மேல் ஈ.சி.ஜி. டிப்ளமோ. உழைக்கிற உடம்பில் இதயமும் நுரையீரலும் தசையும் என்ன செய்கின்றன என்று படிப்பதற்கென்றே எக்ஸர்சைஸ் ஃபிசியாலஜி என்று ஒரு முதுகலைப் படிப்பு இருப்பது எனக்கு நாற்பத்தொரு வயதில் போனில் தேடும்போதுதான் தெரிந்தது. சென்னைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தது. பாடத்திட்டத்தைத் திறந்தால் மூன்றாவது யூனிட்டிலேயே ‘உடற்பயிற்சியின்போது ரத்த அழுத்தம்’. நான் கேட்ட கேள்விக்கு ஒரு யூனிட்டே வைத்திருக்கிறார்கள்.

என் மனைவி செல்வி அதே மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். அவளிடம் போனைக் காட்டினேன். முழுதும் படித்தாள்.

“ரெண்டு வருசமா?”

“ரெண்டு வருசம்.”

“போங்க. அந்த டாக்டரு பேசினத நீங்க மறக்கப் போறதில்ல. வீட்ல இருந்துக்கிட்டு தெனம் எங்கிட்ட சொல்லிச் சொல்லிப் பொலம்பாம, போய்ப் படிங்க.”

மேனேஜருக்கு விஷயம் தெரிந்ததும் செல்வியைக் கூப்பிட்டு, வீட்டுக்காரர் இப்படி முறைத்துக்கொண்டு போனால் உங்க வேலைக்கும் நல்லதில்லை என்று சொல்லியிருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்து சொன்னாள்: “என்னையச் சொல்லி உங்கள மடக்கப் பாக்காவ. நான் அங்கனயே சொல்லிட்டேன், ஐ.சி.யூ.வுல நைட்டு பாக்க ஆளு கெடைச்சா என்னைய நிறுத்துங்கன்னு.” ஆள் கிடைக்கவில்லை. அவளை நிறுத்தவும் இல்லை.

விண்ணப்பத்தில் உடல்தகுதிச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்றேன். அங்கிருந்த டாக்டர் காலிப்பரையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எதுக்கு ஃபிட்டுனு எழுதணும்?”

“படிக்கதுக்கு சார்.”

“படிக்கதுக்குன்னா ஃபிட்டுதான்.” அப்படியே எழுதி சீல் போட்டார்: படிப்பதற்குத் தகுதியானவர்.

இன்டர்வியூவில் மூன்று பேர். நடுவில் துறைத் தலைவர். வலது பக்கம் ஒரு பேராசிரியை, கடைசி வரை வாய் திறக்கவில்லை, குறிப்பு எடுத்துக்கொண்டே இருந்தார். தலைவர் என் சான்றிதழைத் தூக்கிப் பிடித்தார்.

“இது என்ன சர்ட்டிஃபிகேட்? இங்க பிராக்டிகல்ல ஒவ்வொரு ஸ்டூடண்டும் டெஸ்ட் சப்ஜெக்டா டிரெட்மில்ல ஓடணும். நீங்க ஓடுவீங்களா?”

“ஓட மாட்டேன் சார். ஓடுறவங்களைப் பார்த்துக்கத் தெரியும். பதினாலு வருஷமா அதான் வேலை.”

“ஓடத் தெரியாம ஓட்டத்தைப் பத்தி எப்படிப் படிப்பீங்க?”

நான் அடக்கமாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அன்றைக்கு அடக்கம் வரவில்லை. “சார், பிரசவம் பாக்குற ஆம்பளை டாக்டர் பிள்ளை பெத்துக் காட்டிட்டா பட்டம் வாங்கினாரு?”

பேராசிரியையின் பேனா மட்டும் ஒரு நொடி நின்றது. தலைவர் அடுத்தவரை வரச் சொன்னார்.

இருபது நாள் கழித்து மின்னஞ்சல்: உடல்தகுதி அளவுகோலைப் பூர்த்தி செய்யாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. சரி, அந்த அளவுகோல் எது, புராஸ்பெக்டஸில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பதில் அனுப்பினேன். பதில் வரவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் அதே கேள்வியைக் கேட்டேன். மாற்றுத்திறனாளிகளுக்கான இட ஒதுக்கீட்டில் இந்தப் படிப்பில் இதுவரை எத்தனை பேரைச் சேர்த்திருக்கிறீர்கள் என்றும் சேர்த்துக் கேட்டேன். ஒரு நகல் மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு. அந்த மனுவைத் தென்காசித் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்து, பழையபடி டி.எம்.டி. அறையில் எலக்ட்ரோடு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

வகுப்புகள் தொடங்கி மூன்று வாரம் ஆன பிறகு போன் வந்தது. ஒரு இடம் காலியாக இருப்பதாகவும் இரண்டு நாளில் வந்து சேர வேண்டும் என்றும் ஒரு குரல் சொன்னது. அப்படி ஒரு அளவுகோல் எந்தப் பக்கத்திலும் இல்லை என்பதை மட்டும் அந்தக் குரல் சொல்லவில்லை. மேனேஜர் மேசையில் ராஜினாமாவை வைத்துவிட்டு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினேன்.

3. ஸ்டோர் ரூமில் ஒரு மெஷின்

வகுப்பில் பதினாறு பேர். எல்லோரும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. ஹாக்கி, கபடி, நீச்சல் என்று ஏதோ ஒன்றில் மெடல் வாங்கியவர்கள். முதல் நாள் என்னை லேப் அட்டெண்டர் என்று நினைத்து ஒரு பையன் ஃபேன் போடச் சொன்னான். போட்டுவிட்டு அவன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன்.

அந்த மூன்றாவது யூனிட் இரண்டாவது மாதத்தில் வந்தது. எடுத்தவர் இன்டர்வியூவில் வாய் திறக்காத அதே பேராசிரியை. ஓடுகிற உடம்பு அதிக ரத்தம் கேட்கும். இதயத் தசைக்கே ரத்தம் போதாத நிலையில் அதனால் தள்ளிக் கொடுக்க முடியாது. கேட்பது கூடும், கொடுப்பது குறையும், பி.பி. விழும். போர்டில் இரண்டு கோடு போட்டு ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். நான் நோட்டில் எழுதாமல் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷத்தில் சொல்லக்கூடிய ஒன்றைச் சொல்ல அந்த டாக்டருக்கு மனம் வரவில்லை. எனக்குக் கோபம் தணிந்திருக்க வேண்டும். கூடத்தான் செய்தது.

பிராக்டிகலில் தலைவர் தன் வார்த்தையைக் காப்பாற்றினார். மூக்கிலும் வாயிலும் மாஸ்க் மாட்டி, மூச்சு முட்டும் வரை ஓடி, உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்று அளக்கும் டெஸ்ட். சப்ஜெக்டாக ஓடுவதற்கென்று தனி மார்க். என் பெயருக்கு நேரே சுழியம்.

பேராசிரியையிடம் போனேன். “மேடம், கையால சுத்துற எர்கோமீட்டர்னு புத்தகத்துல போட்டிருக்கு. நம்ம லேப்ல கிடையாதா?”

“ஸ்டோர்ல ஒண்ணு கிடக்கு. வாங்கினதிலிருந்து யாரும் கேட்டதில்ல. பெல்ட் அறுந்து போச்சு. சரிபண்ணிக்கிட்டா எடுத்துக்கோங்க.”

சைக்கிளின் பெடல் இருக்கிற இடத்தில் கைப்பிடி வைத்தது போல ஒரு மெஷின். சக்கரத்தைச் சுற்றி ஒரு பெல்ட், அதில் எடை தொங்கும். எடை கூடக்கூடச் சுற்றுவது கஷ்டமாகும். தூசியைத் துடைத்து, புது பெல்ட் மாட்டி, பேரிங்குக்கு கிரீஸ் போட்டு லேபுக்குக் கொண்டுவந்தேன். முன்பு ஃபேன் போடச் சொன்ன அந்த ஹாக்கிப் பையன்தான் தள்ளிக்கொண்டு வந்தான்.

அன்றைக்கு என் மார்பில் வகுப்புப் பையன்கள் எலக்ட்ரோடு ஒட்டினார்கள். அந்த ஜெல்லின் குளிர்ச்சி எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தேன். தொடையை ஊன்றி ஊன்றியே நடந்த கை இது. முதல் மூன்று ஸ்டேஜ் விளையாட்டாகப் போனது. ஐந்தாவதில் தோள் எரிந்தது. ஆறாவதில் காதுக்குள் இதயம் அடித்தது. பையன்கள் சுற்றி நின்று கத்தினார்கள். “அண்ணே, விடாதீங்க! அண்ணே, இன்னும் பத்து செகண்டு!” கை தானாக நின்றபோதுதான் நிறுத்தினேன்.

மானிட்டரில் என் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு எத்தனை முறை அதைப் பார்த்திருப்பேன். என் இதயமும் இவ்வளவு வேகமாக ஓடும் என்பதை நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாகப் பார்த்தேன். மாஸ்க்கைக் கழற்றவில்லை. அழுகிறேன் என்று பையன்களுக்குத் தெரிய வேண்டாம் என்று கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

ரிப்போர்ட்டைத் தலைவர் மேசையில் வைத்தேன். “சப்ஜெக்டா ஓடியாச்சு சார். கையால.” அவர் வெகுநேரம் புரட்டிப் பார்த்தார். சுழியத்தை அடித்துவிட்டு மார்க் போட்டார். முழு மார்க் போடவில்லை. அதையும் ஏன் என்று கேட்டேன். ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்ததுக்கு எடையை ஒரேயடியாகக் கூட்டியிருக்கிறீர்கள் என்றார். அது நியாயமான காரணம். ஒப்புக்கொண்டேன்.

4. ஐந்தருவி ரோட்டு மேடு

தீசிஸுக்கு எல்லோரும் ஹாஸ்டல் விளையாட்டு வீரர்களை எடுத்துக்கொண்டார்கள். நான் தென்காசிப் பக்கம் கையால் ஓட்டும் மூன்று சக்கர வண்டிக்காரர்களை எடுப்பேன் என்றேன். காரணம் எளிது. கால் இல்லாதவருக்கு நெஞ்சு வலித்தால் எங்கள் மருத்துவமனையில் டி.எம்.டி. கிடையாது, மதுரைக்குப் போ என்று சீட்டு எழுதிவிடுவோம். அந்தச் சீட்டை நானே எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். போனார்களா என்று நான் கேட்டதில்லை.

பேராசிரியைதான் எனக்கு கைடு. “லேப் மெஷினை வெளியூருக்குத் தர மாட்டாங்க” என்றார்.

“நானே ஒண்ணு செஞ்சுக்கிடுதேன் மேடம்.”

“செய்யுங்க. ஆனா லேப் மெஷினோட ஒப்பிட்டு, கேலிபரேட் பண்ணிக் காட்டணும். இல்லேன்னா நீங்க எடுக்கிற டேட்டா எல்லாம் குப்பை.”

மூன்று தடவை குப்பை என்றார். நான்காவது தடவை கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் ஒரு டாக்டர் இல்லாமல் ஒரு டெஸ்டும் எடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார். எழுதாவிட்டாலும் நான் அப்படித்தான் செய்திருப்பேன். தென்காசியில் ஒரு இளம் பெண் டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்காரச் சம்மதித்தார்.

சீசன் தொடங்கியிருந்தது. சாரலில் குற்றாலம் ரோடு முழுக்க வண்டிகள். மாற்றுத்திறனாளிகள் சங்கக் கட்டடத்தில் ஒரு அறை கேட்டு வாங்கி மெஷினை இறக்கினேன். ஐந்தருவி போகிற வழியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிற பேச்சியம்மாள் அக்காவுக்கு இரண்டு காலும் இல்லை. கைவண்டியில் கூடையைக் கட்டிக்கொண்டு அந்த மேட்டில் தினமும் ஏறுகிறவர். விவரம் சொன்னேன்.

“இந்தா பாரு தம்பி, இத கையால சுத்துனா என் நெஞ்சு எப்பிடி இருக்குன்னு தெரிஞ்சிருமா?”

“ஓரளவு தெரியும்க்கா.”

“அப்ப இத்தன வருசமா நான் இந்த மேட்டுல சுத்திக்கிட்டுத்தான கெடக்கேன். ஒருத்தனும் வந்து பாக்கலையே.”

எலக்ட்ரோடு பாக்கெட்டைப் பிரித்தேன். அவரே, “சரி, ஒட்டு” என்று பெண் டாக்டர் பக்கம் திரும்பினார்.

கையால் சுற்றும்போது பி.பி. பார்க்க முடியாது. ஸ்டேஜ் முடிந்ததும் நிறுத்திப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றவிட வேண்டும். இரண்டாவது ஸ்டேஜ் முடிவில் பி.பி. ஏறவில்லை. மூன்றாவதின் பாதியில், இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கு அடையாளமாக, ஈ.சி.ஜி.யில் கோடு தாழ்ந்துகொண்டே வந்தது. டாக்டரும் நானும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினோம்.

“ஏன் நிறுத்தச் சொல்லுத? எனக்கு இன்னும் பலம் இருக்கு.”

“கைக்கு இருக்குக்கா. நெஞ்சுக்கு இல்ல.”

மேடு ஏறும்போது தாடை வரை இழுக்கும் என்றும், எல்லோரும் வாயு என்றதால் பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்து வந்ததாகவும் அப்போதுதான் சொன்னார். டாக்டர் கடிதம் எழுதினார். இந்தத் தடவை நான் சீட்டோடு விடவில்லை. செல்வி லீவு போட்டுக்கொண்டு அவரோடு திருநெல்வேலிக்குப் போனாள். இரண்டு குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். பார்க்கப் போனபோது பேச்சியம்மாள் அக்கா முதலில் சொன்னது, “யாவாரத்த விடச் சொல்லி மட்டும் வந்திராத தம்பி” என்பதுதான். விடச் சொல்லவில்லை. மேட்டுக்கு இந்தப் பக்கமே கடை போடச் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார்.

5. வைவா

டெஸ்டைப் பாதியில் நிறுத்தியவரின் டேட்டாவை அட்டவணையில் சேர்க்க முடியாது. அது ஆராய்ச்சி விதி. நான் அதை மீறவில்லை. ஆனால், ஏன் நிறுத்தினோம், என்ன கண்டோம், அவருக்கு அதற்கு முன்னால் ஏன் யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை என்று மூன்று பக்கம் தனியாக எழுதியிருந்தேன். அவருடைய அனுமதியோடு, பெயர் இல்லாமல்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் நேரே அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

“சேம்பிளில் இல்லாத ஒருத்தரைப் பத்தி மூணு பக்கம் எதுக்கு? இது தீசிஸா, கதையா? இதை எடுத்துட்டு சப்மிட் பண்ணுங்க.”

கைடு என்னைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிடு என்று அந்தக் கண் சொன்னது. அவர் எனக்கு நல்லதைத்தான் நினைத்தார்.

“அட்டவணையிலிருந்து எடுத்துட்டேன் சார். தீசிஸிலிருந்து எடுக்க மாட்டேன்.”

“என்ன?”

“இந்த டெஸ்ட் எதுக்கு வேணும்னுதான் மொத்த தீசிஸும் சார். டெஸ்ட் எடுத்ததால கண்டுபிடிச்ச ஒரே ஆளு அவங்கதான். அவங்களை எடுத்துட்டா மீதி இருக்கிறது வெறும் நம்பர்.”

“ரிஜெக்ட் பண்ண எனக்கு அதிகாரம் இருக்கு. தெரியுமில்ல?”

“தெரியும் சார். பண்ணுங்க. ஆனா காரணத்தை எழுத்துல தாங்க.”

துறைத் தலைவர் மெல்ல இருமினார். நான் எழுத்தில் கேட்டால் என்ன ஆகும் என்று அந்த அறையில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். வராந்தாவில் அரை மணி நேரம். உள்ளே கைடின் குரல் உயர்ந்து கேட்டது. இரண்டு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்கு ஒரு தடவைதான்.

திரும்பக் கூப்பிட்டார்கள். தேர்ச்சி. ஒரு திருத்தம்: அந்த மூன்று பக்கத்தையும் பின்னிணைப்புக்கு மாற்ற வேண்டும்.

“பின்னிணைப்பு அட்டைக்கு உள்ளதானே சார் இருக்கும்?” என்று கேட்டேன். எக்ஸாமினர் சிரித்துவிட்டார். பிடிவாதக்காரன் என்றார். ஆமாம் என்றேன்.

இப்போது தென்காசியில் வேறொரு மருத்துவமனையில் இதய நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நான் செய்த அந்த மெஷின் அங்கே ஒரு மூலையில் இருக்கிறது, வாரத்துக்கு இரண்டு மூன்று பேருக்காவது உதவுகிறது. இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, இதைச் செய்ய விடவில்லை, அதற்குத் தகுதி இல்லை என்கிறார்கள் என்று குறைப்படும்போது நான் ஆறுதல் சொல்வதில்லை. எந்த விதி, எந்தப் பக்கம் என்று கேட்டீர்களா என்றுதான் கேட்பேன். நான் வாங்கிய பட்டத்தில் பாதியைப் பாடம் படித்து வாங்கினேன். மீதியை அந்தக் கேள்வியைக் கேட்டு வாங்கினேன். கேட்டால் சில சமயம் நியாயமான பதிலும் வரும். அப்போது தலையாட்டிவிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். பதிலே வரவில்லையென்றால் விடக் கூடாது.

என் தீசிஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. பேச்சியம்மாள் அக்காவின் மூன்று பக்கமும் பின்னிணைப்பில் இருக்கிறது. பின்னிணைப்புக்குத் தனியாகப் பக்க எண் போடுவதுதான் அங்கே வழக்கம். நான் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை தொடர்ச்சியாகப் போட்டுவிட்டேன்.